மணல்மேல் நகர்: கடலோரக் குடியிருப்பு உரிமையாளர் சங்கங்களின் நிர்வாகம்

கடலோரக் குடியிருப்பு உரிமையாளர் சங்கம் என்பது, கரையை ஒட்டிய ஒரு நகரிலோ அடுக்ககத்திலோ மனையும் வீடும் வைத்திருப்பவர்கள் தங்களுக்குப் பொதுவானவற்றைப் பேணுவதற்காக ஏற்படுத்திக்கொள்ளும் அமைப்பு. தெருவிளக்கு, குப்பை, காவலாள், தண்ணீர் என்று எந்த நலச் சங்கத்துக்கும் உள்ள வேலைகள் இதற்கும் உண்டு. கடல் பக்கத்தில் இருப்பதால் மேலும் மூன்று வந்து சேர்கின்றன: உப்புக்காற்று அரிக்கும் கட்டடம், உப்பேறும் ஆபத்தில் உள்ள நிலத்தடி நீர், தனியார் எவருக்கும் சொந்தமாகாத கடற்கரை. இந்த மூன்றையும் எந்த வீட்டுக்காரரும் தனியாகக் காப்பாற்றிவிட முடியாது. கடலோரச் சங்கத்தின் தேவையும் தரமும் இவற்றை வைத்தே அமைகின்றன.

சென்னையில் பெசன்ட் நகரில் தொடங்கி திருவான்மியூர், கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் வழியாக உத்தண்டி வரை நீளும் கரையோரத்தில் இத்தகைய சங்கங்கள் நிறைய உள்ளன. திருவான்மியூருக்குத் தெற்கே கிழக்கில் வங்கக் கடலும் மேற்கில் பக்கிங்காம் கால்வாயும் இருக்க, நடுவில் உள்ள மணல் திட்டின்மேல் வீடுகள் எழுந்துள்ளன. பெசன்ட் நகர் வீட்டுவசதி வாரியம் உருவாக்கிய குடியிருப்பு. கொட்டிவாக்கம் முதல் உத்தண்டி வரையான ஊர்கள் 2011 அக்டோபரில்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தன. அதுவரை குடிநீர்க் குழாயோ பாதாளச் சாக்கடையோ இல்லாமல் மனைப்பிரிவுகள் வளர்ந்துவிட்டதால், இவ்வூர்களில் சங்கங்களே பல காலம் பாதி ஊராட்சியாக இயங்க வேண்டியிருந்தது.

சட்ட வடிவம்

இச்சங்கங்கள் இரு வகை. தனி வீடுகளும் சிறு அடுக்ககங்களும் கலந்த தெருக்களுக்கு நகர் நலச் சங்கம் அமைகிறது. ஒரே கட்டடத்துக்கோ வளாகத்துக்கோ அடுக்கக உரிமையாளர் சங்கம் அமைகிறது. முதல் வகையில் சேர்வது அவரவர் விருப்பம். இரண்டாம் வகையில் வீடு வாங்கியவர், நிலத்தில் பிரிக்கப்படாத பங்குக்கும் மாடிப்படி, லிஃப்ட், மொட்டைமாடி, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றுக்கும் கூட்டு உரிமையாளர். பராமரிப்புச் செலவிலிருந்து அவர் விலகிக்கொள்ள முடியாது.

நகர் நலச் சங்கங்கள் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் மாவட்டப் பதிவாளரிடம் பதிவாகின்றன. தொடங்குவதற்கு ஏழு பேர் போதும். செயற்குழுவில் குறைந்தது மூவர் இருக்க வேண்டும். அதன் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளைத் தாண்டக்கூடாது. ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கை வைத்து, உறுப்பினர் பட்டியலையும் நிர்வாகிகள் மாற்றத்தையும் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். இந்தத் தாக்கலைச் சில ஆண்டுகள் விட்டுவிட்ட சங்கம், பின்னர் வழக்கு என்று வரும்போது தன்னை யார் சட்டப்படி பிரதிநிதித்துவப்படுத்துகிறார் என்பதையே மெய்ப்பிக்க முடியாமல் நிற்கும். நிர்வாகத்தில் முறைகேடு என்று புகார் வந்தால், சட்டத்தின் 36-ஆம் பிரிவின் கீழ் பதிவாளர் விசாரிக்கலாம்.

அடுக்ககங்களுக்கு 1994-இல் தனிச் சட்டம் வந்தது. பெரும்பாலான அடுக்ககங்கள் அதைத் தொடாமல் 1975 சட்டத்தின் கீழேயே பதிவு செய்துகொண்டன. அதற்கு மாற்றாக இயற்றப்பட்ட தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022 நடைமுறைக்கு வந்தது 2024 மார்ச்சில். பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்ட உரிமையாளர்களில் மூன்றில் இரு பங்கினர் சம்மதித்தால் போதும் என்பது இதன் முக்கியமான மாற்றம். ஒருவர் மட்டும் மறுத்ததால் ஆபத்தான நிலையில் நின்ற கட்டடங்களுக்கு இது வழிதிறக்கிறது. கட்டடங்கள் விரைவில் முதுமையடையும் கடற்கரையில் இதன் பயன் இன்னும் அதிகம்.

சந்தா, பராமரிப்பு, வைப்பு நிதி

நகர் நலச் சங்கம் ஆண்டுச் சந்தாவில் நடக்கிறது. அடுக்ககச் சங்கம் மாதப் பராமரிப்புக் கட்டணத்தில் நடக்கிறது. கட்டணத்தைச் சதுர அடிக்கு இவ்வளவு என்று வகுப்பதா, வீட்டுக்கு இவ்வளவு என்று சமமாக வகுப்பதா என்பது ஓயாத சச்சரவு. காவலாள், துப்புரவு போன்ற செலவுகள் எல்லா வீட்டுக்கும் ஒன்றே. வெளிப்பூச்சு, மொட்டைமாடி நீர்க்கசிவுத் தடுப்பு, கட்டமைப்புப் பழுது ஆகியவை உரிமைப் பங்கைப் பொறுத்தவை. இரண்டையும் பிரித்து, முன்னதைச் சமமாகவும் பின்னதைப் பங்கின்படியும் வகுக்கும் சங்கங்களில் பூசல் குறைகிறது.

சரக்கு மற்றும் சேவை வரியில், ஓர் உறுப்பினரிடம் மாதம் 7,500 ரூபாய் வரை பெறும் கட்டணத்துக்கு விலக்கு உண்டு. சங்கத்தின் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்போதுதான் இந்தக் கேள்வியே எழுகிறது. வருமான வரியில், உறுப்பினர் தமக்குள் திரட்டித் தமக்கே செலவிடும் பணம் வருமானமாகக் கருதப்படுவதில்லை. ஆனால் வங்கி வைப்பின் வட்டி அப்படியல்ல: உறுப்பினர்களே ஆன வங்கிகளில் போட்ட பணத்தின் வட்டிக்கும் வரி உண்டு என்று பெங்களூர் கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்தது. மொட்டைமாடியில் அலைபேசிக் கோபுரம் வைக்க இடம் கொடுத்துப் பெறும் வாடகையும் வெளியார் தரும் பணமே.

கடலோரச் சங்கத்தின் நிதியில் தலையாயது வைப்பு நிதி. கட்டுமான நிறுவனம் சாவி கொடுக்கும்போது வசூலித்து ஒப்படைக்கும் 'கார்ப்பஸ்' தொகையை லிஃப்ட் பழுதுக்கும் பெயின்ட்டுக்கும் எடுத்துக் கரைத்துவிடுவது பரவலான தவறு. மாதக் கட்டணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி அதில் தொடர்ந்து சேர்த்துவந்தால்தான், 20, 25 ஆண்டுகளில் வரும் பெரும் பழுதைத் தாங்க முடியும். கட்டணத்தை உயர்த்தாமல் இருப்பதையே சாதனையாகச் சொல்லும் நிர்வாகம், அந்தச் செலவை அடுத்து வருபவர் தலையில் வைத்துவிட்டுப் போகிறது.

உப்புக்காற்றும் கட்டடமும்

கடற்காற்றில் வரும் குளோரைடு உப்பு கான்கிரீட்டின் நுண்துளை வழியாக மெல்ல உள்ளே இறங்கி, கம்பியைக் காக்கும் ஆக்சைடு படலத்தைக் குலைக்கிறது. கம்பி துருப்பிடிக்கிறது. துரு, தான் உண்டான இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அந்த நெருக்கலில் கான்கிரீட் உள்ளிருந்தே வெடிக்கிறது.

இதை முதலில் காட்டிக்கொடுக்கும் இடம் பெரும்பாலும் தூண்தளக் கார் நிறுத்தத்தின் கூரைதான். வெள்ளைப் பூச்சில் பழுப்புக் கறை தெரியும். சில மாதங்களில் அந்தக் கறையின் ஊடே, கம்பி ஓடும் திசையிலேயே நேர்க்கோடாக விரிசல் விழும். சுத்தியலால் தட்டினால் நல்ல கான்கிரீட் கணீரென்று ஒலிக்கும். பழுதுபட்ட இடம் பொள்ளென்று ஒலிக்கும். அதன்பின் ஒருநாள் காலை, கார் மூடியின்மேல் உள்ளங்கை அளவு சில்லு விழுந்து கிடக்கும். அந்த இடத்தைச் சிமென்ட் பூசி மறைத்தால் உள்ளே துரு தொடரும். பழுதுபட்ட கான்கிரீட்டைக் கொத்தியெடுத்து, கம்பியைத் தேய்த்துத் துருத்தடுப்புப் பூசி, தேவையான இடத்தில் புதுக் கம்பி சேர்த்து, தரமான கலவையால் மூடுவதே முறை.

இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 456:2000, கடலோரச் சூழலைக் 'கடுமையானது' என்றும் கடல்நீர்த் தெறிப்பு படும் இடத்தை 'மிகக் கடுமையானது' என்றும் வகைப்படுத்துகிறது. கம்பியின்மேல் இருக்கவேண்டிய கான்கிரீட் மூடல் சாதாரணச் சூழலில் 20 மில்லிமீட்டர் போதும். கடலோரத்தில் 45, தெறிப்பு படும் இடத்தில் 50. பழைய கட்டடங்கள் பலவற்றில் இந்த மூடல் இல்லை. எனவே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கட்டமைப்புப் பொறியாளரைக் கொண்டு ஆய்வு நடத்துவது கடலோரச் சங்கத்தின் கட்டாயக் கடமை.

தள்ளிப்போட்டால் நேரக்கூடியதை அமெரிக்காவின் புளோரிடா மாநிலக் கடற்கரை நகரான சர்ப்சைடு காட்டியது. 1981-இல் கட்டிய, 136 வீடுகள் கொண்ட 12 மாடி 'சாம்ப்ளெயின் டவர்ஸ் சவுத்' கட்டடத்தின் பெரும்பகுதி 2021 ஜூன் 24 அதிகாலையில் இடிந்து விழுந்து 98 பேர் இறந்தனர். நீச்சல்குளத் தளத்தின்கீழ் பெரும் பழுது இருப்பதை 2018-லேயே ஒரு பொறியாளர் அறிக்கை சொல்லியிருந்தது. உரிமையாளர்கள் செலவைப் பற்றி ஆண்டுக்கணக்கில் விவாதித்து, சுமார் 1.5 கோடி டாலர் சிறப்பு வசூலுக்கு ஒப்புக்கொண்டபோது 2021 பிறந்துவிட்டது. வடிவமைப்பிலேயே இருந்த குறைகளும் பின்னர் ஆய்வில் தெரியவந்தன. மறு ஆண்டில் புளோரிடா சட்டத்தை மாற்றியது: மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள அடுக்ககங்கள் 30 ஆண்டுகள் ஆனதும் கட்டமைப்பு ஆய்வுக்கு உட்பட வேண்டும், கட்டமைப்புக்கான வைப்பு நிதியைச் சேர்க்காமல் விட உரிமையாளர்கள் வாக்களித்துத் தீர்மானிக்க முடியாது என்று அப்போது விதித்தது. தமிழ்நாட்டுச் சங்கங்கள் இந்த இரு விதிகளையும் தங்கள் துணைவிதிகளில் தாங்களே சேர்த்துக்கொள்ளலாம்.

நன்னீரும் உப்புநீரும்

கரையோர மணலில் மழைநீர் இறங்கி, தன்னைவிடக் கனமான கடல்நீரின்மேல் மிதக்கும் நன்னீர்ப் படலமாக நிற்கிறது. கைபென், ஹெர்ஸ்பெர்க் என்ற இரு அறிஞர்களின் பெயரால் வழங்கும் விதிப்படி, கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும். ஆழ்துளைக் கிணற்றில் மோட்டார் போட்டு இழுத்து மேல்மட்டம் ஒரு மீட்டர் இறங்கிவிட்டால், காலப்போக்கில் கீழிருந்து உப்புநீர் 40 மீட்டர் ஏறிவரும். ஒரு வீட்டின் ஆழ்துளைக் கிணற்றில் உப்பு தட்டினால் அது தெருவின் எல்லா வீடுகளுக்கும் எச்சரிக்கை.

அரசு விதிகளும் இதையொட்டியே உள்ளன. சென்னைப் பெருநகர்ப் பகுதி நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் 1987-இல் வந்தது. பெருநகர் இரண்டாம் முழுமைத் திட்டம், திருவான்மியூருக்குத் தெற்கே உள்ள கரையோரத்தை நிலத்தடி நீர் செறிவூட்டும் பகுதியாகக் குறித்துக் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தியது. 2011-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்காற்று அறிவிக்கை, உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் உள்ளூர்ச் சமூகத்தின் சொந்தத் தேவை தவிர நிலத்தடி நீர் எடுப்பதைத் தடை செய்தது.

தடையைவிடப் பயன் தருவது மழைநீர்ச் சேகரிப்பு. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மொட்டைமாடியில், சென்னையின் ஆண்டுச் சராசரி மழையான சுமார் 1,400 மில்லிமீட்டரில் ஐந்தில் நான்கு பங்கைப் பிடித்தாலே ஏறத்தாழ 2.5 லட்சம் லிட்டர் கிடைக்கும். 12,000 லிட்டர் லாரிகள் இருபதுக்குச் சமம். மாடிக் குழாயை ஜல்லி, கரி, மணல் அடுக்கிய வடிகட்டிக் குழி வழியாகத் திறந்த கிணற்றில் விட்டால் போதும். 1990-களில் பெசன்ட் நகரில் வீடு வீடாகச் சென்று இதை எடுத்துச் சொன்னவர் சேகர் ராகவன்; அவர் முயற்சியில் 2002-இல் மந்தைவெளியில் மழை இல்லம் என்னும் விளக்க மையம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு தமிழ்நாடு முழுவதும் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமானது. கட்டமைப்பு இருக்கிறது என்பதோடு பலர் விட்டுவிடுகின்றனர். புரட்டாசி முடிவதற்குள் மாடியைப் பெருக்கி, குழாயின் இலைதழையை அகற்றி, குழியைத் தூர்வாருவது ஆண்டுதோறும் சங்கம் நினைவூட்டிச் செய்விக்க வேண்டிய வேலை.

கிணற்றின் உடல்நிலையை அறிய இரு அளவுகள் போதும்: கல் கட்டிய கயிற்றை இறக்கி அளக்கும் நீர்மட்டம், கையடக்கக் கருவியில் பார்க்கும் கரைந்த உப்பின் அளவு. லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை குடிநீருக்கு ஏற்றது என்றும், வேறு நீர் இல்லையென்றால் 2,000 வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தரம் சொல்கிறது. மாதந்தோறும் சில கிணறுகளில் இந்த இரு எண்களையும் குறித்துவரும் சங்கம், உப்பு வருவதை முன்கூட்டியே அறியும். கழிவுநீர்த் தொட்டி கசிந்தால் மணல் அதைத் தடுக்காது என்பதால், ஆண்டுக்கொரு முறை கிருமிப் பரிசோதனையும் வேண்டும்.

இந்த அறிவு சங்கத்துக்குப் பேரம் பேசும் வலுவையும் தருகிறது. ஜெர்மனியின் கேஎஃப்டபிள்யூ வங்கி நிதியுதவியுடன் கோவளம் வடிநிலத்தில் மழைநீர் வடிகால் கட்டும் திட்டத்தைக் கடற்கரை மணற்பகுதிக்கும் மாநகராட்சி நீட்டியபோது, கிழக்குக் கடற்கரைச் சாலைக் குடியிருப்போர் எதிர்த்தனர். பெய்த மழையை நிமிடங்களில் குடித்துவிடும் மணலில் கான்கிரீட் வாய்க்கால் வைத்து நன்னீரைக் கடலுக்கு அனுப்பினால் கிணறுகள் உப்பாகும் என்பது அவர்கள் வாதம். விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை சென்றது. தங்கள் மண்ணை அறிந்த குடியிருப்போர் அதிகாரிகளோடு சமமாக நின்று வாதாட முடியும் என்பதற்கு அது சான்று.

கடல்நீரைக் குடிநீராக்கும் மீஞ்சூர் ஆலை 2010-இலும், நெம்மேலி ஆலைகள் 2013, 2024-இலும் வந்தன. குழாய் நீர் வந்தபின் கிணற்றை மறந்துவிடும் போக்கு தெரிகிறது. 2019 கோடையில் நகரமே லாரிக்குக் காத்திருந்தபோது, பேணப்பட்ட கிணறுகளின் மதிப்பு தெரிந்தது.

கடலோர ஒழுங்காற்று விதிகள்

சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 1986-இன் கீழ் முதல் கடலோர ஒழுங்காற்று மண்டல அறிவிக்கை 1991 பிப்ரவரியில் வந்தது. 2011-இலும் 2019-இலும் அது மாற்றி எழுதப்பட்டது. உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை இதன் ஆட்சி. மணற்குன்றுகள், ஆமை முட்டையிடும் இடங்கள் போன்றவை முதல் வகையில் வரும். கரைவரை கட்டடம் நிறைந்த நகர்ப்பகுதி இரண்டாம் வகை; அங்கே ஏற்கெனவே உள்ள சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலப்புறமாகத்தான் புதிதாகக் கட்டலாம். அடர்த்தி குறைந்த பகுதி மூன்றாம் வகை. அங்கே 200 மீட்டர் வரை கட்டுமானமற்ற இடம். ஊரகப் பகுதியில் சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழ்ந்தால் இதை 50 மீட்டராக 2019 அறிவிக்கை குறைத்தது. எனினும் புதிய கடலோர மேலாண்மை வரைபடம் ஒப்புதல் பெறும் வரை பழைய விதியே தொடரும் என்றும் அது கூறியது.

ஒரு தெரு எந்த வகை என்பதை வரைபடமே சொல்லும். தரகரின் வாய்ச்சொல் செல்லாது. அந்த வரைபடத்தின் படி ஒன்றைச் சங்கம் வாங்கி வைத்திருப்பது, மாடி எழுப்ப நினைப்பவருக்கும் வீடு வாங்க வருபவருக்கும் பெரிய உதவி. வரைவு வரைபடத்தின்மேல் கருத்துக் கேட்கும்போது, மணற்குன்றும் ஓடையும் விடுபட்டிருந்தால் எழுத்தில் சுட்டிக்காட்ட வேண்டும்.

மதிலுக்கு வெளியே

மனைப்பிரிவின் தெருக்களும் பூங்கா இடமும் அனுமதியின்போதே தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குச் சேர்கின்றன. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் பத்து விழுக்காடு நிலம் திறந்தவெளியாக ஒப்படைக்கப்பட வேண்டும். எனவே தெருமுனையில் கேட் போட்டுக் கடற்கரைக்குச் செல்பவரைத் தடுக்கச் சங்கத்துக்கு உரிமை இல்லை. கடற்கரை பொதுமக்களுக்காக அரசு காத்து வைத்திருக்கும் சொத்து என்ற கோட்பாட்டை, கமல்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது.

அந்தக் கடற்கரை முதலில் மீனவருடைய தொழிற்களம். ஊரூர்-ஆல்காட் குப்பம், ஓடைக்குப்பம், திருவான்மியூர்க் குப்பம், நீலாங்கரைக் குப்பம் ஆகியவை இன்றைய நகர்களுக்கு மூத்தவை. படகு நிறுத்தவும் வலை உலர்த்தவும் மீன் விற்கவும் அவர்களுக்கு மணல் வேண்டும். நடைபாதை, அலங்கார விளக்கு என்று சங்கம் மனு எழுதும்முன் குப்பத்து ஊர்ப் பஞ்சாயத்தாரோடு உட்கார்ந்து பேசுவது நீதி. அதில் நன்மையும் உண்டு. கலங்கரை விளக்கத்திலிருந்து கொட்டிவாக்கம் வரை கடற்கரையோரம் மேம்பாலச் சாலை அமைக்கும் திட்டத்தை மீனவரும் நகர்வாசிகளும் சேர்ந்தே எதிர்த்தனர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் நகரத்தின் தெருக்களுக்குள் படகு கொண்டுவந்து மக்களை மீட்டவர்களும் கடலோர மீனவரே.

மணலைப் பிடித்து நிறுத்தும் அடம்புக் கொடியையும் இராவணன் மீசைப் புல்லையும் 'களை' என்று அகற்றிப் புல்தரை போடுவது, கரைக்கு இருக்கும் இயற்கைக் காவலை எடுத்துவிடுவதாகும். பங்குனி ஆமைகள் ஜனவரி முதல் ஏப்ரல் வரை நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடைப்பட்ட மணலில் முட்டையிடுகின்றன. 1988 முதல் மாணவர் குழு ஒன்று இரவுதோறும் நடந்து அவற்றைக் காத்து வருகிறது. பொரித்த குஞ்சு வெளிச்சம் உள்ள திசையையே கடல் என்று நம்பி நகரும். கடல்பக்க விளக்குகளை அந்த மாதங்களில் அணைக்கவோ கீழ்நோக்கி மூடவோ பொதுக்குழு தீர்மானித்தால் செலவே இல்லாமல் அது நடக்கும்.

புயலும் ஆழிப்பேரலையும்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை, 2016 டிசம்பரின் வர்தா புயல், 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயல் ஆகியவை கடலோரச் சங்கம் எதற்கு ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்கின்றன. மின் பலகையும் ஜெனரேட்டரும் தரைமட்டத்துக்கு மேலே உயர்த்தப்பட வேண்டும். நிலத்தடித் தொட்டியின் மூடி நீர் புகாததாக இருக்க வேண்டும். வெள்ளநீர் புகுந்தால் தொட்டியைக் கழுவிக் குளோரின் இட்டபின்பே பயன்படுத்த வேண்டும். தனியே வாழும் முதியவர், படுக்கையில் இருப்பவர், மின்கருவி துணையோடு மூச்சுவிடுபவர் பட்டியல் காவலாளிடமும் செயலரிடமும் இருக்க வேண்டும். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகள் மிகுந்த இக்கரையில் இந்தப் பட்டியல் உயிர்காப்பது.

பொதுக்குழுவும் ஒப்படைப்பும்

கடலோர வீடுகளில் பல, உரிமையாளர் குடியிராதவை. கூட்டத்துக்கு வருவோர் குறைகிறார்கள், கோரம் சேர்வதில்லை. பதிலாளுக்கு வாக்குரிமை, காணொளி வழிப் பங்கேற்பு ஆகியவற்றைத் துணைவிதியில் தெளிவாக எழுதிவைப்பது தீர்வு. வாடகைக்கு இருப்போருக்கு வாக்கு இல்லாவிடினும் பேச இடமளிக்க வேண்டும்; தண்ணீரில் உப்பு ஏறுவதை நாள்தோறும் நாக்கில் அறிபவர்கள் அவர்களே. பாக்கி வைத்தவரின் பெயரை அறிவிப்புப் பலகையில் ஒட்டி அவமானப்படுத்துவதைவிட, எழுத்து மூலம் நினைவூட்டி, தவணை கொடுத்து, இறுதியில் சட்டப்படி வசூலிப்பதே பகையை வளர்க்காத வழி.

சங்கத்தின் குரல் அரசுக்குச் செல்ல, 2022 முதல் மாநகராட்சி வார்டுகளில் பகுதி சபைகள் வழிசெய்கின்றன. அவை வாக்காளர் அனைவருக்கும் உரியவை. அங்கே சங்கம் பலருள் ஒரு குரல். அளவெடுத்த எண்களோடும் படங்களோடும் செல்லும் சங்கத்தின் சொல் அங்கே எடுபடும்.

நிர்வாகிகள் மாறும்போது ஒப்படைக்க வேண்டியவை: தீர்மானப் புத்தகம், தணிக்கைக் கணக்குகள், அனுமதி வரைபடம், தானப் பத்திர நகல், கடலோர மண்டல வரைபடம், கட்டமைப்பு ஆய்வறிக்கைகள், கிணற்று அளவுப் பதிவேடு, வைப்பு நிதிச் சான்றுகள். முதல் நான்கும் கடைசியும் எல்லாச் சங்கங்களுக்கும் பொது. மண்டல வரைபடம், ஆய்வறிக்கை, கிணற்றுப் பதிவேடு ஆகிய மூன்றும் கடலோரச் சங்கத்துக்கே உரியவை. உப்பு மெதுவாக வேலை செய்வது. மூன்றாண்டுப் பதவிக்காலத்தில் அது கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். பத்து, இருபது ஆண்டுப் பதிவு கைமாறி வரும் இடத்தில்தான் அது தெரியும்.